டாக்டர் கானோல்கர்

பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையை அறியாத மும்பைத் தமிழர் இரார். இந்தியாவின் நாலா திசைகளிலிருந்தும் வந்தவர்கள் அதன் வெளியே நடைபாதையில் காத்துக் கிடப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். அம்மருத்துவமனையின் ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடக்கத்திலிருந்தே உருவாக்கியவர் டாக்டர் வசந்த் ராம்ஜி கானோல்கர். 1960 முதல் 1963 வரை பம்பாய்ப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கியவர். விஞ்ஞான மாணவர்களுக்கு அவர் பெயர் பழக்கமானது. இலக்கியமும் வாணிபமும் பயிலும் நண்பர்களும் அவரை அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆவல்.

அவர் பிறந்தது 1895 ஏப்ரல் 13. லண்டன் சென்று நோய்க்குறியியல் பயின்று 1923இல் எம். டி. பட்டம் பெற்றார். தாயகம் திரும்பிப் பம்பாயின் மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியராக இருந்தார். 1941 பிப்ரவரியில் டாடா மருத்துவமனை திறக்கப்பட்டபோது அதன் ஆராய்ச்சிக் கூடப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

அந்நாளில் ஒரு கொள்கை பரவியிருந்தது. புற்றுநோய் மேனாட்டாரின் நோய். இந்தியருக்கு அது அரிது என்பர். கானோல்கர் அதை வாதாடி மறுக்கவில்லை, எண்ணிக் காட்டி மறுத்தார். அடுத்தடுத்து வந்த 1,000 வாய்ப்புற்று நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 1944இல் வெளியிட்டார். ஒரே நகரத்தில், ஒரே மருத்துவமனையில், மூன்றே ஆண்டுகளில் திரண்ட கணக்கு அது!

மைக்ராஸ்கோப்பின் அடியில் திசுவைப் பார்ப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. நோயாளி எந்த ஊர், என்ன மெல்லுகிறார், எப்படிப் புகைக்கிறார், எந்த உடை உடுத்துகிறார் என்பதெல்லாம் அவருக்கு வேண்டியிருந்தது. சூரியாபாய் என்ற ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து 1945இல் அவர் எழுதிய கட்டுரை, மக்களின் வழக்கங்களோடு பிணைந்த புற்றுநோய்களை விவரித்தது. விசாகப்பட்டினக் கரையில் சுருட்டின் கொள்ளிப் பக்கத்தை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். அவர்களுக்கு மேலண்ணத்தில் நோய் வந்தது. பீகாரில் புகையிலையைச் சுண்ணாம்புடன் பிசைந்து கீழுதட்டுக்குள் அடக்குவார்கள். நோய் அந்த இடத்திலேயே வந்தது. வேட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டி ஆண்டுக் கணக்கில் உராய்ந்த இடத்திலும் வந்தது. (வெற்றிலையைப் பற்றி நாம் மட்டும் தப்பித்துக்கொள்ள முடியாது. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணமாகும் என உலக ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் அறிவித்துவிட்டது. மாதுங்காக் கல்யாணங்களில் தாம்பூலத் தட்டு இன்னும் சுற்றி வருகிறது.)

சமூகங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் அவர் கணக்கிட்டார். பார்ஸிப் பெண்களிடம் மார்பகப் புற்று மிகுதி; இந்துப் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்று மிகுதி. இதைப் படித்துவிட்டு, இரத்தத்திலேயே வேற்றுமை உள்ளது என்று சொல்லிவிட எவ்வளவு எளிது! வழக்கங்களைத் தேடிச் சென்ற கானோல்கரின் வழி அதுவன்று. இரத்தத்தை மாற்ற இயலாது. வழக்கத்தையும் வறுமையையும் மாற்றலாம்.

ஆனால் அவர் கணக்கில் ஒரு குறை உண்டு. அது அவர் குற்றமன்று. மருத்துவமனைக்கு வந்தவரை மட்டுமே மருத்துவமனை எண்ண முடியும். வராமலே தாராவிக் குடிசையில் மாண்ட பெண்ணை யார் எண்ணுவது? நகர் முழுவதையும் கணக்கில் கொள்ளும் புற்றுநோய்ப் பதிவேடு, நாட்டிலேயே முதலாவதாக, 1963இல்தான் பம்பாயில் தொடங்கிற்று. இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தார் அதை ஏற்று நடத்தினர்.

1952இல் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் தோன்றியபோது கானோல்கரே அதன் தலைவர். பின்னர் புகழ் பெற்ற கமல் ரணதிவே அம்மையார் அவரிடம் பயின்றவர். தொழுநோய் ஆராய்ச்சியிலும் இம்மையம் ஈடுபட்டது. 1966இல் மையமும் மருத்துவமனையும் ஒன்றாக இணைந்தன. 1978 அக்டோபர் 29இல் கானோல்கர் மறைந்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து ஆராய்ச்சி தெருவுக்கு இறங்கியது. 1998இல் டாடா மருத்துவமனையார் மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஒரு பெரிய பரிசோதனையைத் தொடங்கினர். பத்தாம் வகுப்பு வரை படித்த சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து, கருப்பை வாயில் புளிக்காடி தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து நோயைக் கண்டறியச் செய்தனர். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. அழைக்கப்பட்ட 75,360 பெண்களில் நூற்றுக்கு 89 பேர் வந்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தபின் பார்த்தால், அந்நோயால் நேரும் சாவு நூற்றுக்கு 31 பங்கு குறைந்திருந்தது. முடிவு 2014இல் அச்சாயிற்று.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒப்பிடுவதற்கென வைக்கப்பட்ட 76,178 பெண்களுக்குத் தொடக்கத்தில் ஒரு முறை சுகாதார போதனை கிடைத்தது, சோதனை கிடைக்கவில்லை. இது நியாயமா என்று அறிஞர் சிலர் கேட்டனர். நாட்டில் அப்போது பொதுவாகக் கிடைத்த கவனிப்பு அவ்வளவுதான் என்பது நடத்தியவர்களின் விடை. அவ்விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. சோதனையின் பயனும் பொய்யன்று. இரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்துப் பார்க்கிறேன். எந்தத் தெருவுக்குச் சோதனை, எந்தத் தெருவுக்குப் போதனை மட்டும் என்று தீர்மானிக்கும் மேசையில் அத்தெருக்களின் பெண்களும் அமர வேண்டும் என்பது என் கட்சி.