ஏரிக்கரையில் பிறந்த கதை

கொள்ளிடத்தின் தென்பால், மயிலாடுதுறையை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில், 1899 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9 ஆம் நாள் ரா. கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். தமிழுலகம் அவரைக் கல்கி என்னும் புனைபெயராலேயே போற்றுகிறது.

திருச்சிராப்பள்ளியில் அவர் பயின்றுகொண்டிருந்த காலத்தில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியது. 1921 இல் அவர் பள்ளிப் படிப்பைத் துறந்து அவ்வியக்கத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு ஓராண்டுச் சிறைவாசத்தையும் ஏற்றார். பின்னர்த் திரு.வி.க. நடத்திய நவசக்தியில் பணி புரிந்து, ஆனந்த விகடனின் ஆசிரியராகப் புகழ் பெற்று, 1941 இல் தம் பெயரிலேயே ஒரு வார இதழைத் தொடங்கினார்.

அவ்விதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த பெருநாவல் பொன்னியின் செல்வன். சோழப் பேரரசைப் பற்றிய கதை தஞ்சை அரண்மனையில் தொடங்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். கல்கியோ ஓர் ஏரிக்கரையில் தொடங்கினார். அவர் பிறந்த ஊரிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து வடக்கே சிறிது தொலைவு சென்றால் காட்டுமன்னார்கோவில் வரும். அதனை ஒட்டி, சிதம்பரத்திற்குத் தென்மேற்கே பரந்து கிடப்பது வீராணம் ஏரி. பராந்தக சோழனது விருதுப் பெயரால் வீரநாராயண ஏரி எனப் பெயர் பெற்றது அது.

ஆடிப் பதினெட்டாம் நாள் மாலையில், வந்தியத்தேவன் என்னும் இளவீரன் அந்த ஏரிக்கரைமீது குதிரையேறி வருகிறான். கரை ததும்பும் வெள்ளத்தையும், மதகுகளில் பாய்ந்தோடும் நீரையும், கூடி மகிழும் மக்களையும் காண்கிறான். சோழர் பெருமையைக் கல்கி சொற்களால் விரித்துரைக்கவில்லை. நீரையே காட்டி உணர்த்திவிட்டார்.

அன்றிரவே அவ்வீரன் அண்மையிலுள்ள கடம்பூர் மாளிகையில் தங்குகிறான். அங்கே சிற்றரசர்கள் கூடி அரசுரிமையை மாற்றச் சூழ்ச்சி செய்வதை மறைந்திருந்து அறிகிறான். கதையின் பிற்பகுதியில் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் உயிர் நீப்பதும் அதே மாளிகையிலேதான். வளம் கொழிக்கும் ஏரியும் வஞ்சகம் குடிகொண்ட மாளிகையும் அருகருகே நின்று படிப்போர் நெஞ்சை நடுங்கச் செய்கின்றன.

இது வெறுங்கற்பனையன்று. காட்டுமன்னார்கோவிலைச் சார்ந்த உடையார்குடி அனந்தீசுவரர் கோவிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களையும், அவர்தம் உறவினரின் நிலங்கள் பறிமுதலானதையும் அது கூறுகிறது. கொலை எங்கே நிகழ்ந்தது, எதன் பொருட்டு நிகழ்ந்தது என்பவற்றை அது கூறவில்லை. கல் பேசாது விட்ட இடத்தில் கல்கியின் கதை பேசத் தொடங்கியது. எனினும், கொலையாளி இன்னார் என அவர் உறுதியாகச் சுட்டவில்லை. வரலாற்றின் ஐயத்தை ஐயமாகவே விட்டுவைத்தார்.

நாவல் நிறைவுற்ற 1954 ஆம் ஆண்டிலேயே, டிசம்பர் 5 ஆம் நாள் கல்கி மறைந்தார். வீராணத்தின் நீர் இன்றும் வயல்களில் பாய்கிறது; 2004 முதல் சென்னை மக்களின் தாகத்தையும் தணிக்கிறது. அக்கரையில் நிற்போர் குதிரையின் குளம்பொலிக்குச் செவி சாய்க்கின்றனர். தம் மண்ணை ஊன்றிக் கண்ட ஓர் எழுத்தாளர், பிறரும் அதனை அவ்வாறே காணுமாறு செய்துவிட்டார். நம் ஊரிலும் ஓர் ஏரியும் எழுத்துப் பொறித்த ஒரு கல்லும் இருக்கக்கூடும். அவற்றை ஒருமுறை நின்று நோக்குவோமாக.