சட்டத்துக்கு முந்தைய படிப்பு

சட்டம் படிக்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு அண்ணல் அம்பேத்கரின் கல்லூரி நாட்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதியால் பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டுப் பாரசீகம் படித்தவர் அவர். பரோடா மன்னர் தந்த மாதம் 25 ரூபாய் உதவித்தொகையில் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து, 1912இல் பொருளாதாரம், அரசியல் பாடங்களில் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் மேற்படிப்பை முடித்து, 1916இல் லண்டன் கிரேஸ் இன்னில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் பாதியில் திரும்பினார். பேராசிரியர் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 1920இல் மீண்டும் கப்பலேறினார். 1923இல் பாரிஸ்டராக ஊர் வந்தார்.

மகத் குளத்தில் நம் மக்கள் தண்ணீர் எடுக்கக் கூடாதென்று அவர்மீதே வழக்குத் தொடுத்தார்கள். 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நமக்கே வெற்றி.

எந்தப் பட்டம் படித்தாலும் மூன்றாண்டுச் சட்டப்படிப்புக்குப் போகலாம். கையிலிருக்கும் பாடத்தை ஊன்றிப் படிப்போம். உதவித்தொகை விண்ணப்பத்தைக் காலத்தோடு கொடுப்போம்.