குடியை விட்ட வைத்தியரும் அவர் வீட்டு அடுக்களையும்

குடியை விட்ட மனிதனுக்குப் பசி எடுக்கும் என்பதைப் பல குடும்பங்கள் எதிர்பார்ப்பதில்லை. நேற்றுவரை இரண்டு கவளத்தோடு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர், இன்று மூன்றாம் முறை சோறு கேட்கிறார். நடு இராத்திரியில் எழுந்து வெல்லக்கட்டியைத் தேடுகிறார். இரண்டு மூன்று மாதத்தில் சட்டைப் பொத்தான் பூட்ட மாட்டேன் என்கிறது. சந்தோஷப்பட வேண்டிய வீட்டில் முணுமுணுப்பு எழும்புகிறது. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இப்படி இருக்குமானால், அமெரிக்க தேசத்து வைத்தியர் ஒருவருடைய சரித்திரத்தைச் சற்றுக் கேளுங்கள்.

அவர் பெயர் ராபர்ட் ஹால்புரூக் ஸ்மித். டாக்டர் பாப் என்றால்தான் பலருக்குத் தெரியும். 1879-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி வெர்மாண்டு மாகாணத்தில் செயின்ட் ஜான்ஸ்பரி என்னும் ஊரில் ஒரு நீதிபதியின் மகனாகப் பிறந்தார். வீட்டில் கண்டிப்பு அதிகம். மாலை ஐந்து மணிக்கே பிள்ளை படுக்கைக்குப் போய்விட வேண்டும். கோயிலுக்கும் ஞாயிறு பள்ளிக்கும் தவறாமல் அனுப்பினார்கள். அவ்வளவு கண்டிப்பில் வளர்ந்தவர் டார்ட்மவுத் கல்லூரியில் கால் வைத்ததும் குடிக்கத் தொடங்கினார். 1902-ல் பட்டம் பெற்று, பிற்பாடு வைத்தியம் படிக்கப் போனபோது குடியினால் படிப்பே அறுந்துபோகும் நிலை வந்தது. எப்படியோ சமாளித்து 1910-ல் சிகாகோ நகரத்து ரஷ் வைத்தியக் கல்லூரியில் தேறினார். ஓஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரில் தொழில் தொடங்கி, அறுவை வைத்தியத்தில் பெயரும் எடுத்தார். 1915-ல் ஆன் ரிப்ளி என்னும் ஆசிரியையை மணந்தார். பதினேழு வருஷம் காத்திருந்து நடந்த கலியாணம் அது.

ஆன் அம்மாள் பட்ட பாட்டை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. கணவர் புட்டிகளை நிலக்கரித் தொட்டியிலும், அழுக்குத் துணி போடும் குழாயிலும், நிலைக்கதவின் மேலும் ஒளித்து வைப்பார். காலுறைக்குள்கூடச் சிறு புட்டிகளைச் செருகிக்கொண்டு வருவார். 1920 முதல் 1933 வரை அந்த தேசத்தில் மதுவிலக்கு இருந்தும், வைத்தியருக்கு மது கிடைப்பது கஷ்டமாயில்லை. காலையில் கை நடுங்காமலிருக்க மருந்து, மாலையில் தூங்குவதற்கு மது, இதுவே அவருடைய தினசரி ஒழுங்காகிவிட்டது. நோயாளிகள் குறைந்தார்கள், கடன் ஏறிற்று.

1935-ம் ஆண்டு மே மாதம், அன்னையர் தினத்துக்கு முந்திய நாள், மனைவிக்குப் பரிசாக ஒரு பூந்தொட்டியை வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். வைத்த கையோடு குடிவெறியில் விழுந்துவிட்டார். மறுநாள் 12-ந் தேதி மாலை, சிநேகிதர் ஒருவரின் ஏற்பாட்டின்பேரில், நியூயார்க்கிலிருந்து வந்திருந்த பில் வில்சன் என்பவரைச் சந்தித்தார். இவரும் பெருங்குடிகாரராயிருந்து, ஐந்து மாதமாகக் குடியை விட்டிருந்தவர். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போன டாக்டர், இரவு பதினொன்றேகால் வரை பேசிக்கொண்டிருந்தார். பிற்பாடு பில் அவர் வீட்டுக்கே தங்க வந்துவிட்டார்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினையாதீர்கள். ஜூன் மாதம் வைத்தியர் மகாநாட்டுக்கென்று அட்லாண்டிக் சிட்டிக்குப் புறப்பட்ட டாக்டர், இரயிலிலேயே குடிக்கத் தொடங்கி, நினைவு தப்பிய நிலையில் திரும்பினார். மூன்று நாளில் ஓர் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். பில்லும் ஆன் அம்மாளும் இராப்பகலாய் அவர் பக்கத்தில் இருந்தார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது அந்த மூன்று நாளின் சாப்பாட்டை. உப்பிட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோசும், தக்காளியும், மக்காச்சோளத்திலிருந்து காய்ச்சிய இனிப்புப் பாகும் கொடுத்தார்கள். இது பில்லுடைய யோசனை. வைத்திய புத்தகத்தில் எழுதியிருந்த முறையல்ல. புளித்த கோசைத் தின்றால் குடி தீரும் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனாலும், வெறும் வயிற்றோடு ஒருவனைப் படுக்கவைத்துப் புத்தி சொல்வதில் பயனில்லை, முதலில் அவனுக்கு ஆகாரம் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டது பெரிய காரியம். சிகிச்சை நாள் காலையில் நடுக்கம் அடங்க ஒரு புட்டி பீர் கொடுத்தார் பில். ஜூன் 10-ந் தேதி என்று கணக்கிடப்படும் அந்த நாளின் பீர்தான் டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தது. சிகிச்சை முடிந்தும் வெகு நேரம் அவர் வீடு திரும்பவில்லை. மறுபடியும் குடிக்கப் போய்விட்டாரோ என்று வீட்டார் கலங்கினார்கள். அவரோ கடன் கொடுத்தவர்களையும் தம்மால் வருந்தினவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்!

வாசகர்களே, இந்தப் பசியின் காரணத்தை இப்பொழுது தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கிராம் மதுசாரத்தில் ஏறக்குறைய 7 கலோரி இருக்கிறது, சர்க்கரையில் 4. ஆகையால் குடிகாரனுடைய உடல் நெடுநாளாய் மதுவையே எரிபொருளாகக் கொண்டிருந்தது. ஆனால் அதில் சதைக்கு வேண்டிய புரதமும் இல்லை, வைட்டமினும் இல்லை. வயிறு புண்பட்டிருந்தபடியால் உணவும் இறங்கவில்லை. குடியை நிறுத்தினதும் வயிறு ஆறுகிறது, நாக்கு ருசி அறிகிறது, பட்டினி கிடந்த உடல் கேட்கத் தொடங்குகிறது. இனிப்பின்மேல் வரும் ஆசைக்கும் காரணம் உண்டு. மதுவைச் செரிக்கும் ஈரல் இரத்தத்துக்குச் சர்க்கரை கொடுக்கும் வேலையில் பின்தங்கிப்போகும். மது மூளைக்குக் கொடுத்த இன்பத்தில் ஒரு பங்கை இனிப்பும் கொடுக்கும். எல்லாரும் பெருப்பார்கள் என்பதில்லை. பீரை ஏராளமாய்க் குடித்தவர்கள் சிலர் இளைப்பதும் உண்டு.

டாக்டர் பாபும் பில்லும் தொடங்கிய ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் சங்கம் 1939-ல் தன் புத்தகத்தை வெளியிட்டபோது, குடும்பத்தாருக்கென்று எழுதிய அதிகாரத்தில் இந்த விஷயத்தையும் சேர்த்தது. களைப்பு வரும் வேளைக்கென்று கைவசம் கொஞ்சம் இனிப்பு வைத்திருப்பது நல்லது, இரவில் எழும் இனந்தெரியாத ஆசை ஒரு மிட்டாயில் அடங்கிவிடுவதும் உண்டு என்று ஒரு வைத்தியர் சொன்ன யோசனை அதில் இருக்கிறது. டாக்டர் பாபுக்கே மதுவின்மேலிருந்த ஏக்கம் இரண்டரை வருஷம் வரைக்கும் லேசாகவில்லை. இரண்டரை வருஷம்! அப்படிப்பட்ட போராட்டத்தில் இருக்கிறவருடைய தொந்தியைப் பார்த்துச் சிரிக்க நமக்கு மனம் வருமா?

முதல் சில மாதங்களில் எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்காதீர்கள். ஒரே சமயத்தில் இரண்டு யுத்தம் எவராலும் ஆகாது. வேளா வேளைக்குச் சாப்பாடு போடுங்கள். முட்டை, பருப்பு, மீன், கீரை, பழம் இவை தட்டில் இருந்தால், இனிப்பின்மேல் பாயும் ஆசை தானே மட்டுப்படும். மாலையில் கூடவே நடந்துவிட்டு வாருங்கள். நீரிழிவு உள்ளவர் இனிப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டே நடக்க வேண்டும். காலும் வயிறும் வீங்கினாலோ, கண் மஞ்சளித்தாலோ, அது தின்றதால் வந்த பருமன் அல்ல. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். தினமும் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்துவதும் அப்படியே. வலிப்புக் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம்; வைத்தியர் மேற்பார்வை வேண்டும்.

குடிகாரரை அநேக ஆஸ்பத்திரிகள் ஏற்காத காலத்தில், டாக்டர் பாப் நமது கன்னியாஸ்திரீ ஒருவரிடம் போனார். அயர்லாந்தில் பிறந்து, அர்ச். அகுஸ்தீனாரின் பிறர்சிநேகச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த சிஸ்டர் இக்னேசியா, ஆக்ரனில் அர்ச். தோமையார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சேர்க்கும் அலுவலில் இருந்தார். டாக்டரோ புராட்டஸ்டாண்டு சபையார். ஆனால் இரக்கம் இருவருக்கும் ஒன்றே. 1939 ஆகஸ்டு மாதத்தில் ஒரு குடிகாரரை இரைப்பை அழற்சி நோயாளி என்று பதிவேட்டில் எழுதிச் சேர்த்தார் சிஸ்டர். மற்றவர் கண்ணில் படாதிருக்க, பூக்களை ஒழுங்கு செய்யும் சிறு அறைக்குள் அந்தக் கட்டிலைத் தள்ளினார்கள். பின்னாளில் அங்கே அதற்கென்றே ஒரு பகுதி ஏற்பட்டது. நோயாளிகள் கூடிப் பேசக் காப்பி எப்போதும் தயாராயிருக்கும். ஐந்து நாள் கழித்து வீடு திரும்புகிறவர் கையில் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார் சிஸ்டர். மறுபடி குடிக்க நினைத்தால், முதலில் அதைத் தம்மிடம் கொண்டுவந்து திருப்பித்தர வேண்டும் என்பது நிபந்தனை. டாக்டர் பாப் அங்கே சுமார் 5,000 பேருக்குக் காசு வாங்காமல் வைத்தியம் செய்தார்.

ஆன் அம்மாள் 1949 ஜூன் 1-ந் தேதி மரித்தார். டாக்டர் 1950 நவம்பர் 16-ந் தேதி புற்றுநோயால் மரித்தார். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஒரு சொட்டு மதுவும் தொடவில்லை. 1952-ல் கிளீவ்லாந்து நகரில் சிஸ்டர் இக்னேசியா புதிய சிகிச்சைப் பகுதி ஒன்றைத் திறந்து, அதற்கு ரோசரி ஹால் சொலேரியம் என்று ஜெபமாலையின் பெயர் வைத்தார். அந்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள் மூன்றும் ராபர்ட் ஹால்புரூக் ஸ்மித் என்னும் பெயரின் முதலெழுத்துக்களே. ஆர்ட்மோர் வீதியில் 855-ம் எண்ணுள்ள டாக்டர் பாபின் வீட்டை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். குடியை விட வந்த எத்தனையோ பேருக்கு ஆன் அம்மாள் காப்பி ஊற்றிக் கொடுத்த வீடு அது.