மணிக்கயிற்றைப் பற்றிய போதகர் கார்ல் பார்த்

1914ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஜேர்மனியின் தலைசிறந்த கல்விமான்கள் 93 பேர் ஓர் அறிக்கையிற் கையொப்பமிட்டனர். தம் நாடு நடத்தும் யுத்தம் நியாயமானது என்றும், பெல்ஜியத்தில் ஜேர்மன் படைகள் கொடுமை எதுவும் இழைக்கவில்லை என்றும் உலகிற்குச் சாட்சி பகர்வதே அவ்வறிக்கையின் நோக்கம். சுவிற்சர்லாந்தின் சிற்றூர் ஒன்றிலே போதகராயிருந்த 28 வயது இளைஞர் ஒருவர் அப்பெயர்ப் பட்டியலைக் கண்டு உள்ளம் உடைந்து போனார். தாம் குருவாக மதித்துப் போற்றிய அடோல்ப் ஹார்னாக், வில்ஹெல்ம் ஹெர்மான் ஆகியோரின் பெயர்கள் அங்கே இருந்தன. (கத்தோலிக்க இறையியலாளர் சிலரும் அதில் ஒப்பமிட்டிருந்தனர் என்பதை நாம் மறைத்தல் ஆகாது.) இத்தனை கற்றவர்கள் இவ்வளவு எளிதாகப் பீரங்கிகளை ஆசீர்வதிப்பார்களாயின், அவர்கள் கற்பித்த இறையியலின் அத்திவாரத்திலேயே ஏதோ பிழை இருத்தல் வேண்டும் என அவ்விளைஞர் எண்ணினார். அவரே கார்ல் பார்த்.

1886 மே 10ஆம் திகதி பாசல் நகரிற் பிறந்த அவர், இறையியல் ஆசிரியரான தந்தையின் நிழலில் பேர்ன் நகரில் வளர்ந்தார். பேர்ன், பேர்லின், டூபிங்கன், மார்பேர்க் ஆகிய பல்கலைக்கழகங்களிற் பயின்றார். அக்காலத்துப் புரட்டஸ்தாந்து இறையியல் மனிதரின் சமய உணர்வையும், பண்பாட்டையும், முன்னேற்றத்தையும் பற்றியே பெரிதும் பேசியது. நல்ல கல்வியும் நல்ல அரசும் வளர வளர இறையாட்சியும் தானாகவே மலர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அதில் ஊறியிருந்தது. யுத்தம் மூண்டபோது அந்தப் பண்பாடே துப்பாக்கியைத் தூக்கி நின்றது.

1911 முதல் பத்து ஆண்டுகள் பார்த் பணியாற்றிய சாபென்வில் என்னும் ஊர் நெசவுத் தொழிலாளர் நிறைந்தது. அவர்களுடைய சொற்ப கூலியையும் நீண்ட வேலை நேரத்தையும் கண்ட அவர், தொழிற்சங்கம் அமைக்க அவர்களுக்குத் துணைநின்றார். 1915இல் சமூக சனநாயகக் கட்சியிலும் சேர்ந்தார். ஊர்ச் செல்வந்தர்கள் அவரைச் சிவப்புப் போதகர் என்று ஏசினர். ஆயினும் ஞாயிறு தோறும் பிரசங்க மேடையில் ஏறுகையில், அரசியற் கருத்துக்களைவிட ஆழமான ஒன்றை மக்களுக்குச் சொல்லத் தம்மிடம் வார்த்தை இல்லையே என்ற தவிப்பு அவரை வாட்டியது.

அயலூர்ப் போதகரும் ஆருயிர் நண்பருமான எடுவார்ட் தூர்ன்ஐசனுடன் இதைப் பற்றி இரவு பகலாக உரையாடினார். ஈற்றில் 1916ஆம் ஆண்டுக் கோடை காலத்தில், ஓர் அப்பிள் மரத்தின் கீழ் அமர்ந்து, புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தை முன்னர் ஒருபோதும் வாசித்திராதவர் போல வாசிக்கத் தொடங்கினார். அவ்வாசிப்பின் குறிப்புகளே 1919ஆம் ஆண்டுக்குரிய நூலாக ஆயிரம் பிரதிகள் அச்சாகி வெளிவந்தன. அதை முற்றாகத் திருத்தி எழுதிய இரண்டாம் பதிப்பு 1922இல் வந்தது. இறைவன் இறைவனே, மனிதனின் மிக உயர்ந்த எண்ணமும், மிக உன்னதமான நாட்டுப்பற்றும், ஏன், மிகத் தூய சமயப் பக்தியும்கூட இறைவனாகிவிட முடியாது, அருள் மேலிருந்தே வருகிறது என்பதே அந்நூலின் சாரம். முடியரசு வீழ்ந்து, பணம் மதிப்பிழந்து, தெருக்களில் துப்பாக்கிகள் முழங்கிக்கொண்டிருந்த ஜேர்மனியில் அது பேரோசையாய்க் கேட்டது. இருண்ட கோயிற் கோபுரத்தில் ஏறும் ஒருவன் படியில் தடுமாறிக் கைப்பிடியென நினைத்து மணிக்கயிற்றைப் பற்றிவிட, ஊரெல்லாம் விழித்துக்கொண்டது போன்றதே தமக்கு நேர்ந்தது எனப் பார்த் பின்னாளில் ஓர் உவமை கூறினார்.

முனைவர் பட்டம் பெறாத அந்தக் கிராமப் போதகரை 1921இல் கொட்டிங்கன் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது. பின்னர் மூன்ஸ்டர், அதன் பின் 1930 முதல் பொன் நகரம். அவரைச் சூழ்ந்து ஒரு மறுமலர்ச்சி இயக்கமே உருவாகியது. தூர்ன்ஐசன், கோகார்ட்டன், புறுன்னர், புல்ட்மான் ஆகியோர் அதில் முன்னின்றனர். அவர்களுக்கெனச் சஞ்சிகை ஒன்றும் இருந்தது. 1932இல் அவர் எழுதத் தொடங்கிய திருச்சபைக் கோட்பாட்டியல் என்னும் பெருநூல், 13 பகுதிகளாய் 9000 பக்கங்களுக்கு மேல் வளர்ந்து, முடிவுறாமலே நின்றது.

1933 ஜனவரி 30ஆம் திகதி ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஜேர்மன் கிறிஸ்தவர்கள் எனத் தம்மை அழைத்துக்கொண்ட கூட்டத்தார், இனமும் மண்ணும் தலைவனும் இறைவன் தந்த புதிய வெளிப்பாடு என்று போதித்தனர். யூத வம்சத்தில் வந்த கிறிஸ்தவர்கள் குருத்துவப் பணியில் இருத்தலாகாது என்றனர். அவ்வாண்டு நவெம்பரில் பேர்லின் விளையாட்டு மாளிகையில் ஏறக்குறைய 20,000 பேர் கூடிய கூட்டத்தில், பழைய ஏற்பாட்டையே அகற்றிவிட வேண்டும் என்று ஒரு பேச்சாளர் முழங்கினார். வேதனை என்னவெனில், பார்த்தின் தோழரான கோகார்ட்டனும் சில மாதங்கள் அக்கூட்டத்தோடு சேர்ந்து நின்றார். ஒரே மேசையில் எழுதிய நண்பர்கள் பிரிந்தனர். சஞ்சிகையும் அவ்வாண்டோடு நின்றது. புதுப்பிக்கப்பட்ட இறையியல் மாத்திரம் ஒருவரைச் சோதனையிலிருந்து காப்பாற்றிவிடாது போலும்.

பார்த் ஒரு சிறு நூலை எழுதி 1933 ஜூனில் வெளியிட்டார். ஹிட்லருக்கே ஒரு பிரதி அனுப்பினார். அடுத்த ஆண்டு அது தடைசெய்யப்படும்போது 37,000 பிரதிகள் பரவியிருந்தன. இதற்கிடையில் மார்ட்டின் நீமோலர் போதகர்களை ஒன்றுதிரட்டினார். லூத்தரன், சீர்திருத்த, ஐக்கிய சபைகளின் பிரதிநிதிகள் 1934 மே 29 முதல் 31 வரை பார்மன் நகரிற் கூடி, ஆறு கூற்றுகள் கொண்ட அறிக்கையை ஏற்றனர். அதன் பெரும்பகுதி பார்த்தின் கைவண்ணம். இரு வாரங்களுக்கு முன் பிராங்க்போர்ட் விடுதியொன்றில் வரைவு தயாரிக்கக் கூடிய மூவரில், லூத்தரன் நண்பர்கள் இருவரும் மதிய உணவின் பின் நித்திரைக்குச் சென்றுவிட, தாம் கடுங் கோப்பியும் சுருட்டுமாக அமர்ந்து எழுதி முடித்ததாக அவர் சிரித்தபடி நினைவுகூர்வதுண்டு. வாழ்விலும் சாவிலும் திருச்சபை செவிசாய்த்துக் கீழ்ப்படிய வேண்டிய ஒரே இறைவார்த்தை இயேசு கிறிஸ்துவே, அவருக்கு அருகில் வேறெந்த அதிகாரத்தையும் ஆளையும் வெளிப்பாடென ஏற்கலாகாது என்பதே முதற் கூற்றின் கருத்து. சாதாரண மறைக்கல்விப் பாடம் போலத் தோன்றும் இவ்வாக்கியத்துக்காகப் பலர் வேலை இழந்தனர், சிறை சென்றனர். அவரிடம் பழகி, அவரை மதித்த டீட்ரிச் பொன்ஹோபர் 1945 ஏப்ரல் 9ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார்.

ஆனால் அவ்வறிக்கையில் யூதரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பழியைப் பார்த் பிறர்மேற் சுமத்தவில்லை. முதுமையில், 1967இல் எழுதிய கடிதமொன்றில், யூதரின் துன்பத்தைத் தாம் அன்று முதன்மைப்படுத்தாதது தமது குற்றமே என ஒப்புக்கொண்டார். அதே 1933ஆம் ஆண்டு ஜூலையில் வத்திக்கானும் ஹிட்லரின் அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டதை நினைக்கும்போது, இவ்விடயத்தில் மற்றவரை நோக்கி விரல் நீட்ட நமக்குத் துணிவு வராது.

அரச ஊழியரான பேராசிரியர்கள் அனைவரும் ஹிட்லருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என 1934இற் பணிக்கப்பட்டது. ஒரு கிறிஸ்தவனாகத் தமக்கு இயலும் அளவுக்கு என்ற சொற்களைச் சேர்த்தாலன்றிச் சத்தியம் செய்யேன் எனப் பார்த் உறுதியாய் நின்றார். விரிவுரை தொடங்குகையில் ஹிட்லருக்கு வணக்கம் செலுத்தவும் மறுத்தார். பதவி பறிபோயிற்று. 1935இல் பாசல் பல்கலைக்கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் பார்மனுக்கு மீண்டும் ஓர் உரையாற்றச் சென்றபோது பேச அனுமதி கிடைக்கவில்லை. அவருடைய உரையை வேறொருவர் வாசிக்க, அவரோ பொலிஸ் காவலுடன் எல்லைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1940இல், 54ஆவது வயதில், சுவிற்சர்லாந்தின் துணைப் படையில் சேர்ந்து ரைன் நதிக்கரையில் இரவுக் காவலும் நின்றார்.

யுத்தம் முடிந்ததும் வெற்றி பெற்றோர் பலர் பழிவாங்கலைப் பேசிய வேளையில், ஜேர்மனியருக்கு இப்போது நண்பர்களே தேவை என்று வாதிட்டார். 1946இல் பொன் நகரின் இடிந்த பல்கலைக்கழக மாளிகையில், அப்போஸ்தலர்களின் விசுவாசப் பிரமாணத்தைப் பற்றிக் குறிப்பு ஏதுமின்றி விரிவுரை நிகழ்த்தினார். காலை ஏழு மணிக்கே தொடங்குவார். எட்டு மணிக்கு முற்றத்தில் இடிபாடுகளை உடைக்கும் இயந்திரங்கள் இரையத் தொடங்கிவிடும். பசியால் வாடிய முகங்கள், சிரிப்பதை மறந்த மாணவர்கள். முதலில் அவர்களுக்குச் சற்றுச் சிரிக்கவும் கற்பிக்க வேண்டியிருந்தது என்கிறார்.

அவர் குறையற்ற மனிதர் அல்லர். 1913இல் அவரை மணந்து ஐந்து பிள்ளைகளைப் பெற்ற நெல்லி அம்மையார், கணவருடைய உதவியாளரான சார்லோட் வொன் கிர்ஷ்பாம் 1929 முதல் வீட்டிலேயே தங்கியதால் ஆண்டாண்டாய்த் துயருற்றார். அந்த உதவியாளரின் உழைப்பின்றிப் பெருநூல் எழுந்திராது. அந்த உறவினால் குடும்பம் பட்ட காயமும் ஆறவில்லை. 1941இல் மகன் மத்தியாஸ் மலையேறும்போது விழுந்து இறந்தார். நோயுற்று ஒரு பராமரிப்பு இல்லத்திற் சேர்க்கப்பட்ட சார்லோட்டை, பார்த்தின் மறைவின் பின் நெல்லியே சென்று பார்த்தார். 1975இல் சார்லோட் இறந்தபோது அவரைத் தம் குடும்பக் கல்லறையில் அடக்கவும் இசைந்தார். பெரிய இறையியல் நூல்கள் பேசும் மன்னிப்பு அந்த வீட்டில் யாரிடம் இருந்தது என்று நாம் வியக்கலாம்.

1954 முதல் பத்து ஆண்டுகள் பாசல் சிறைச்சாலைக் கைதிகளுக்கு அவர் மறையுரை ஆற்றினார். உலகப் புகழ் பெற்றிருந்த அவருடைய பிரசங்கத்தைக் கேட்க வேண்டுமாயின் குற்றம் செய்து உள்ளே போக வேண்டும் என்று ஊரில் வேடிக்கையாய்ப் பேசிக்கொண்டார்களாம்.

1932இல் கத்தோலிக்க இறையியலின் ஓர் அடிப்படைக் கருத்தை எதிர்க்கிறிஸ்துவின் கண்டுபிடிப்பு என்றே சாடியவர் பார்த். ஆயினும் அவரை ஆழமாய் வாசித்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் கத்தோலிக்கரே. ஹான்ஸ் உர்ஸ் வொன் பல்தசார் 1951இல் அவரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1957இல் ஹான்ஸ் குங், மனிதர் இறைவன் முன் நீதிமானாக்கப்படுதல் பற்றிய பார்த்தின் போதனையும் திரெந்துச் சங்கத்தின் போதனையும் அடிப்படையில் ஒத்துப்போகின்றன என நிறுவ முயன்றார். பார்த் வியப்போடும் மகிழ்வோடும் அதற்கு முன்னுரைக் கடிதம் எழுதினார். 1966 செப்டெம்பரில், 80 வயதில், இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடுகளைக் கற்றுத் தம் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு உரோமைக்குச் சென்றார். எமது நாட்டுக்கும் 1970 டிசெம்பரில் வருகை தந்த பாப்பரசர் ஆறாம் சின்னப்பரை அங்கே சந்தித்து உரையாடினார். மரியன்னை கன்னியாக இயேசுவை ஈன்றதையும் இறைவனின் தாய் என்ற பெயரையும் ஏற்றிருந்த அவர், அதற்கப்பாற்பட்ட நமது மரியியலை இறுதிவரை ஏற்கவில்லை. கருத்து வேறுபாட்டை மறைக்காமலே நட்புப் பாராட்ட அவருக்குத் தெரிந்திருந்தது.

கத்தோலிக்கரான மோசார்ட்டின் இசையோடுதான் அவரது ஒவ்வொரு காலையும் விடியும். எழுதும் அறையிலே கல்வினின் படமும் மோசார்ட்டின் படமும் ஒரே உயரத்தில் தொங்கின. மோசார்ட்டை இறையியலிற் பரீட்சிப்பதாகவும், அவரோ பதில் ஏதும் கூறாது நின்றதாகவும் தாம் கண்ட கனவையும் சொல்லியிருக்கிறார். அக்கனவைத் தம் நூலொன்றின் தொடக்கத்தில் எடுத்தாண்ட துறவி தோமஸ் மேர்ட்டன், பொலநறுவைச் சிலைகளைத் தரிசித்துச் சென்ற சில நாட்களில், 1968 டிசெம்பர் 10ஆம் திகதி பாங்கொக்கிற் காலமானார். அதே நாளின் விடியலுக்கு முன் பாசலிற் பார்த்தும் உறக்கத்திலே இறந்திருந்தார்.

முந்திய மாலை அவர், சூரிச்சிற் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து கேட்கவிருந்த உரையொன்றை எழுதிக்கொண்டிருந்தார். தொலைபேசி ஒலித்தது, பேனாவை வைத்து எழுந்தார். மறுமுனையில் அப்பிள் மரத்து நாட்களின் தோழர் தூர்ன்ஐசன். உலகின் இருண்ட நிலையைப் பற்றி இருவரும் பேசினர். ஆட்சி செய்கிறவர் மேலே இருக்கிறார், சோர்ந்துவிடாதே என்ற கருத்தில் பார்த் நண்பரைத் தேற்றினார். வாக்கியத்தின் நடுவில் நின்ற உரை அப்படியே மேசைமீது கிடந்தது. சில நாட்களின் பின் பாசல் பேராலயத்தில் நடைபெற்ற நினைவு வழிபாட்டில் உரையாற்றியவர்களில் கத்தோலிக்கக் குருவான ஹான்ஸ் குங்கும் ஒருவர்.