தமிழ் தந்த வைத்தியர் கிறீன்



மானிப்பாயில் உள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை எம்மிற் பலர் அறிவோம். அப்பெயருக்குரியவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். இவர் 1822 ஒக்ரோபர் 10 ஆம் நாள், நாம் வாழும் மொன்றியலுக்குத் தெற்கே, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் கற்றுத் தேறி, 1847 இல் அமெரிக்க மிசன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் நோயாளரைப் பராமரிக்கவும் இளைஞருக்கு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார்.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆயின் ஆங்கிலம் கற்ற வைத்தியர் அரச உத்தியோகம் நாடிச் சென்றால் கிராமத்து மக்களுக்கு யார் துணை? ஆகவே தாமே தமிழ் பயின்று, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். உடற்கூறு, பிரசவம், இரண வைத்தியம் பற்றிய நூல்கள் மாணவர் துணையோடு தமிழில் வெளிவந்தன. 1873 இல் தாயகம் திரும்பிய பின்னும் அப்பணி ஓயவில்லை. கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் 1875 இல் வெளிவந்தது. 1884 மே 28 இல் வூஸ்டரிற் காலமானார். தமிழருக்கு மருத்துவத் தொண்டாற்றியவர் என்று தம் கல்லறையிற் பொறிக்கப்பட வேண்டுமென்பதே அவர் விருப்பம்.

பிறநாட்டார் ஒருவர் இரசாயனத்தையும் தமிழில் தந்தது ஏன் என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும். இல்-பிசாரில் எமது வீட்டு அலுமாரிகளில் உள்ள போத்தல்களில் ஆங்கிலமும் பிரெஞ்சுமே எழுதப்பட்டுள்ளன. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாவுக்கு அவ்விரண்டும் தெரியாதிருக்கலாம். நன்றாக வெளுக்கும் என்று எண்ணி ஜாவெல் திரவத்துடன் வினாகிரியைக் கலந்தால் குளோரீன் வாயு எழும். அமோனியா உள்ள திரவத்துடன் கலந்தால் குளோரமீன் என்னும் நச்சுவாயு எழும். இரண்டும் சுவாசப்பையைத் தாக்குவன.

மாணவர்களே, எண்கோணக் கட்டத்துள் மண்டையோடு இருந்தால் அது நஞ்சு. எலும்பாகிய கை இருந்தால் தோலை அரிப்பது. சுவாலை இருந்தால் தீப்பற்றுவது. இவற்றை வீட்டு முதியோருக்குத் தமிழில் விளக்குங்கள். பெற்றோர்களே, இத்திரவங்களைக் குடிபானப் போத்தல்களில் ஊற்றி வைக்காதீர்கள். சிறுவர் கைக்கு எட்டாதவாறு பூட்டி வையுங்கள். யாரேனும் அருந்திவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாது, கியூபெக் நச்சுத்தடுப்பு நிலையத்தை 1-800-463-5060 என்னும் இலக்கத்தில் உடனே அழையுங்கள். மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ 911 ஐ அழையுங்கள்.

கிறீன் அன்று மானிப்பாயிற் செய்த பணியில் ஒரு சிறு பங்கை, இரு மொழியும் அறிந்த எம் பிள்ளைகள் இன்று தத்தம் வீட்டிலேயே செய்யலாம்.