சின்னப் பட்டம், பெரிய சாதனை: டாக்டர் சுப்பாராவை ஏன் இன்று நினைவில் வைக்க வேண்டும்?

2022 ஜனவரி 12. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் கட்டிய கல்லூரியும் அதில் ஒன்று. கல்வராயன் மலை மக்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரி என்பது பல வருஷக் கனவு.

அந்தத் தேதியில் இன்னொரு விசேஷமும் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தும், முழுப் பட்டம் கிடைக்காமல் வெளியே வந்த ஒருவரின் பிறந்தநாள் அது. அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய வேலையின் பலன் நம் வீடு வரைக்கும் வந்திருக்கிறது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையாக இருந்தாலும் சரி, சென்னை தேனாம்பேட்டையாக இருந்தாலும் சரி, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலம் இருக்கும். அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்த ஆய்வுக்குழுவின் தலைவர் இவர்தான்.

பட்டத்தின் பெயரை வைத்து ஒருவரை எந்தப் பதவி வரைக்கும் விடலாம் என்ற கேள்வி இப்போது பிசிஷியன் அசிஸ்டென்ட்கள் விஷயத்தில் மறுபடியும் எழுகிறது. நூறு வருஷத்துக்கு முன்பு சுப்பாராவுக்கு நடந்தது என்ன? பார்க்கலாம்.

யார் இந்த சுப்பாராவ்?

1895-ல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திராவில் இருக்கிறது. கஷ்டமான குடும்பம். படிப்பிலும் ஆரம்பத்தில் பெரிய புலி எல்லாம் இல்லை. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முயற்சியில், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்துதான் பாஸ் ஆனார்.

அடுத்து மாநிலக் கல்லூரி, அதன் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. கையில் காசு கிடையாது. நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் கொடுத்த உதவியில்தான் படிப்பு ஓடியது.

கதர் அணிந்ததால் வந்த வினை

அது காந்தியின் சுதேசி அழைப்பு இளைஞர்களை இழுத்த காலம். சுப்பாராவும் அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் உடையில் போனார். ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை.

எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும், சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதைவிடக் கீழே வைக்கப்பட்டிருந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

இது வெறும் மூன்று எழுத்து வித்தியாசம் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் மருத்துவத் துறை முழுக்கப் படிப்படியான ஏணியாக இருந்தது. உச்சியில் இந்திய மருத்துவப் பணி அதிகாரிகள், பெரும்பாலும் ஆங்கிலேயர்கள். அடுத்து அசிஸ்டென்ட் சர்ஜன்கள். அதற்கும் கீழே சப் அசிஸ்டென்ட் சர்ஜன்கள். எந்தப் படியில் ஏறுகிறோமோ, பெரும்பாலும் அதை ஒட்டியே வாழ்க்கை முடிந்துவிடும். பெரிய ஆஸ்பத்திரிகளின் தலைமைப் பதவிகளோ மேல் படியில் இருப்பவர்களுக்கே.

சுப்பாராவ் சென்னை மருத்துவப் பணியில் சேர முயன்றார். இடம் கிடைக்கவில்லை. கடைசியில் டாக்டர் அசந்தா லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார்.

அந்த வருஷங்களில் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர் சில நாள் இடைவெளியில் பலியானார்கள். அதே நோய் சுப்பாராவையும் படுக்கையில் தள்ளியது. லட்சுமிபதியின் சிகிச்சையில்தான் பிழைத்தார். இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்ற வேகம் அங்கேதான் பிறந்தது.

பாஸ்டனில் பெட்பேன் கழுவிய டாக்டர்

1920-களின் தொடக்கத்தில், மாமனாரும் காக்கிநாடாவின் ஓர் அறக்கட்டளையும் கொடுத்த ஆதரவோடு அமெரிக்காவின் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார். கர்ப்பிணி மனைவியை ஊரில் விட்டுவிட்டுப் போனவர், கடைசி வரை திரும்பி வரவே இல்லை. பிறந்த மகன் குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனான். அப்பா அவனைப் பார்த்ததே இல்லை.

அமெரிக்காவிலும் அவருடைய சான்றிதழ் செல்லுபடியாகவில்லை. டாக்டராக வேலை பார்க்க வழி இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் இரவு நேர ஊழியராகச் சேர்ந்து, நோயாளிகளின் பெட்பேன்களைக் கழுவினார்.

பகலில் ஆய்வகம். பேராசிரியர் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1925-ல் ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் ஒரு முறையை உருவாக்கினார். ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை என்ற பெயரில் அது இன்றும் உயிர்வேதியியல் மாணவர்களுக்குப் பாடம்.

1927-ல் தசைகளில் இருக்கும் பாஸ்போகிரியாட்டின். 1929-ல் ஏ.டி.பி. ஓடும்போதும், மூச்சு விடும்போதும், ஏன், இந்த வரியைப் படிக்கும்போதும் நம் செல்கள் செலவு செய்யும் ஆற்றல் நாணயம் இந்த ஏ.டி.பி.தான். ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதே சமயத்தில் தனியாக இதைக் கண்டுபிடித்தார்.

1930-ல் முனைவர் பட்டம். இத்தனைக்குப் பிறகும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தரவில்லை.

பொறுப்பு கைக்கு வந்தபோது என்ன நடந்தது?

1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்கு மாறினார். அங்கே சீக்கிரமே ஆய்வுப் பிரிவின் இயக்குநர் ஆனார். ஒரு பெரிய குழுவை வழிநடத்தும் வாய்ப்பு முதல் முறையாகக் கிடைத்தது. அதன் பிறகு அவருக்கு மிச்சம் இருந்தது எட்டே வருஷங்கள். அதற்குள் அவருடைய குழுக்கள் செய்தவை இவை:

ஃபோலிக் அமிலம்: இதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியை 1940-களின் மத்தியில் கண்டுபிடித்தார்கள். ரத்தசோகைக்கும், அவருடைய சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் சிகிச்சையாக இது பயன்பட்டது.

டி.இ.சி.: யானைக்கால் நோய்க்கான மருந்து, 1947-ல் வெளியானது. நம் ஊர்களில் வீடு வீடாக வந்து, கண் முன்னாலேயே விழுங்கச் சொல்வார்களே, அந்த மாத்திரை.

அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட்: சுப்பாராவின் குழு தந்த அமினோப்டெரினை வைத்துத்தான் பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு முதல் முறையாகத் தற்காலிகக் குணம் கிடைக்கச் செய்தார். 1948-ல் அந்த முடிவுகள் வெளியாயின. அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்று புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

ஆரியோமைசின்: டெட்ராசைக்ளின் வகையில் உலகின் முதல் ஆன்டிபயாடிக். தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர் இதைக் கண்டுபிடித்தது சுப்பாராவின் தலைமையில் இயங்கிய ஆய்வகத்தில்தான்.

1948 ஆகஸ்டில் மாரடைப்பால் காலமானார். வயது 53. அமெரிக்கக் குடியுரிமைகூட அவர் பெற்றிருக்கவில்லை. 1995-ல், நூற்றாண்டை ஒட்டி இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

இன்றைய பிரச்சினைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1946-ல் வந்த போர் கமிட்டி அறிக்கை, குறுகிய கால மருத்துவச் சான்றிதழ்களை நிறுத்திவிட்டு எம்.பி.பி.எஸ். மட்டுமே போதும் என்று பரிந்துரைத்தது. டாக்டர்களுக்குள் இருந்த மேல் - கீழ் படிகள் அதன் பிறகு மெல்ல மறைந்தன. ஆனால் டாக்டருக்கு அடுத்த நிலையில் ஆள் தேவை என்பது மட்டும் மறையவில்லை.

1965-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நான்கு பேரை வைத்துப் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பைத் தொடங்கினார். இந்தியாவில் அது 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை சிகிச்சை நிபுணர் கே.எம்.செரியன் முயற்சியில் தொடங்கியது. நோயாளியின் விவரங்களைக் கேட்டு எழுதுவது, ரவுண்ட்ஸ், அறுவை சிகிச்சையில் உதவி, டிஸ்சார்ஜ் சம்மரி, குடும்பத்தாருக்கு விளக்கம் என்று வார்டின் பாதி வேலை இவர்கள் தலையில்தான்.

2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில் ஆணையச் சட்டம் இந்தத் தொழிலையும் தன் பட்டியலில் சேர்த்து அங்கீகாரம் கொடுத்தது. ஆனால் ஆஸ்பத்திரி நிர்வாகத் தலைமை என்று வரும்போது பேச்சு டாக்டர்களிடமோ எம்.பி.ஏ. படித்தவர்களிடமோ போய் நின்றுவிடுகிறது. வார்டை உள்ளும் புறமும் தெரிந்தவர், சீனியர் அசிஸ்டென்ட் என்ற பெயரோடு அங்கேயே நிற்கிறார்.

இதில் டாக்டர்களின் தயக்கத்துக்கும் நியாயம் உண்டு. நோயாளியின் பாதுகாப்பில் சமரசம் கூடாது. சிகிச்சையை முடிவு செய்ய அதற்கான படிப்பு வேண்டும். பிரிட்டனிலும் இந்தச் சர்ச்சை பெரிதாகி, 2025-ல் வந்த லெங் அறிக்கை இவர்களின் பணி எல்லையைத் தெளிவாக்கச் சொன்னது.

ஆனால் சிகிச்சையை முடிவு செய்வது வேறு, ஒரு பிரிவை நடத்துவது வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயக் கொடுமையில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் மருந்து, மருத்துவம் மட்டும் போதாது. எத்தனை படுக்கை காலி, எந்த ஆம்புலன்ஸ் எங்கே, எந்த மருந்து எவ்வளவு கையிருப்பு, வாசலில் அழுதுகொண்டு நிற்கும் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது என்று எல்லாவற்றையும் ஒருவர் கோக்க வேண்டும். வார்டில் வருஷக்கணக்கில் இதைச் செய்தவருக்கு அந்தத் திறமை இருக்க வாய்ப்பு அதிகம்.

பிசிஷியன் அசிஸ்டென்டாக வேலை பார்த்த கேரன் பாஸ், 2022-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மேயராகவே தேர்வானார். ஒரு நகரத்தை நடத்த முடிந்தவர்களால் ஒரு வார்டை நடத்த முடியாதா என்ன?

சுப்பாராவ் ஒரு மேதை. எல்லோரும் அவர் போல ஆக முடியாதுதான். ஆனால் அவரைத் தடுத்தது திறமைக் குறைவு இல்லை, ஒரு சான்றிதழின் பெயர். சென்னையும் ஹார்வர்டும் தராத பொறுப்பை மூன்றாவதாக ஓர் இடம் தந்தது. அந்த ஒரு முடிவின் பலன்தான் இன்று கல்வராயன் மலைக் கர்ப்பிணியின் கையில் மாத்திரையாக இருக்கிறது.