கித்தா விதையும் கிறுக்கு ரிட்லியும்

பெரட்டுக்குப் போய் வந்து, வாளியும் கத்தியுமாக நிரையில் இறங்கிய காலம் நம்மில் பலருக்கு இன்னும் மறக்கவில்லை. வெயில் ஏற ஏற கித்தாக் காய் பட்டென்று வெடிக்கும்; விதை பொறுக்கப் பிள்ளைகள் ஓடுவார்கள். அந்தக் காயை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. ஆமணக்குக் காயும் அப்படித்தான். லயத்துக்குப் பின்னால் நட்ட மரவள்ளி காய்த்தால் அதுவும் அப்படியே. வளர்த்தியைப் பார்த்தால் மூன்றுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் தாவர நூலார் பூவையும் காயையும் வைத்து, மூன்றும் ஒரே ஆமணக்குக் குடும்பம் என்கிறார்கள்.

இப்படிச் செடிகொடிகளுக்கு உறவுமுறை பார்த்தே ஆயுளைக் கழித்த ஒருவரைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தோம். ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. 1855-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் தாவரப் பிரிவில் வேலை பார்த்தவர், 1888-இல் சிங்கப்பூர் பூமலைக்குத் தலைவராக வந்தார்.

கித்தா அதற்கு முன்பே வந்துவிட்டது. 1876-இல் பிரேசில் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கே முளைத்த கன்றுகளில் 22 மட்டும் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. யாரும் சீந்தவில்லை. துரைமார்களுக்குக் காப்பிதான் உயிர். ரிட்லியோ சட்டைப் பையில் விதையைப் போட்டுக்கொண்டு, கண்டவரிடமெல்லாம் நடச் சொல்லிக் கெஞ்சினாராம். கிறுக்கு ரிட்லி என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

அவர் செய்த பெரிய காரியம் வெட்டுதான். பிரேசிலில் மரத்தைக் கோடாலியால் கொத்திப் பால் எடுப்பார்கள்; மரம் புண்ணாகிப் போகும். கட்டையைத் தொடாமல், அதே வெட்டுவாயைப் பட்டையளவில் மெல்லிசாகச் சீவித் திறந்தால் முதல் நாளைவிட அடுத்தடுத்த நாளில் பால் கூடுகிறது, பட்டையும் மறுபடி வளர்கிறது என்று ரிட்லி சோதித்துக் காட்டினார். நம் பாட்டன் பாட்டி கை பழகிய வெட்டு இதுதான். கட்டை தெரிய வெட்டிவிட்டு வாங்கிய ஏச்சும் இதனால்தான்!

1896-இல் மலாக்காவில் டான் சே யான் நட்டார். அதே பத்தாண்டில் காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் நட்டார்கள். காப்பி விலை விழுந்ததும் கிள்ளான் வட்டாரத்துக் காப்பித் தோட்டங்களும் கித்தாவுக்கு மாறின.

ஆனால் ரிட்லியின் மனசு காட்டில்தான் இருந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறோம். படியைப் பார்த்து ஏறுகிறோமே தவிர பாறையைப் பார்ப்பதில்லை. பத்துமலையிலும் சிலாங்கூரின் வேறு சில சுண்ணாம்புக் குன்றுகளிலும் மட்டும் வளரும் குட்டை விசிறிப் பனை ஒன்று உண்டு. அதற்கு முதலில் அறிவியல் பேர் வைத்தவர் ரிட்லி. 1941-இல், பூமலையில் வேலை பார்த்த கோவாக்காரர் பூர்ட்டாடோ, அது அந்த இனத்தில் சேராது என்று கண்டு வேறு பேரில் வைத்தார். பேரை மாற்றுவது என்ன விளையாட்டா என்று கேட்கலாம். அண்ணன் என்று கூப்பிட்டவர் மாமன் முறை என்று தெரிந்தால் நாமும் மாற்றித்தானே கூப்பிடுகிறோம்? ஆமணக்கோடு வெகுகாலம் சேர்த்து வைத்திருந்த கீழாநெல்லியைக்கூட, மரபணு ஆராய்ச்சி வந்தபின் தனிக் குடும்பத்தில் வைத்துவிட்டார்கள்.

மலாய்க்காரர்கள் செடிகளுக்கு வழங்கும் பேர்களையும் ரிட்லி விடவில்லை. 1897-இல் தொகுத்து வெளியிட்டார். ஓய்வு பெற்றுப் போனபின் 1922 முதல் 1925 வரை மலாயாத் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் வந்தன. இதில் நமக்கு ஒரு நெருடல் உண்டு. எந்தக் காட்டுக்கு அவர் கணக்கெழுதினாரோ, அந்தக் காட்டைத் தின்றது அவர் பையில் இருந்த விதை. காடு அழித்து நிரை பிடித்தவர்களில் நம் பாட்டன்மாரும் உண்டு. செடிக்கெல்லாம் பேர் எழுதியாயிற்று. காய்ச்சலில் மாண்டு தோட்டத்து மண்ணிலேயே புதைந்தவர்களில் எத்தனையோ பேருக்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. அந்தக் குறையை ரிட்லி தலையில் கட்ட முடியாதுதான். இருந்தாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

எண்பது தாண்டிய வயதில் கல்யாணம் செய்துகொண்டார் மனிதர்! நூறு வயதையும் கடந்து, மெர்டேக்காவுக்குப் பத்து மாதம் இருக்கையில், 1956 அக்டோபர் 24-இல், அந்த விதைகள் முதலில் முளைத்த கியூவிலேயே கண்ணை மூடினார்.